இரவல் கேமராவும் காலாவதியான சுருளும்

இந்தியச் சுயாதீனத் திரைப்பட வரலாறு அண்மைக்காலமாக எண்மத் தொழில்நுட்பத்தின் வெற்றிக் கதையாகவே எழுதப்படுகிறது. கேமரா மலிவானது, ஆகவே சினிமா எளியவர் கைக்கு வந்தது என்பது அக்கதையின் சாரம். இது பாதி உண்மையே. கேமரா என்பது இரவல் வாங்கக்கூடிய பொருள், வாடகைக்கும் கிடைத்தது. ‘பதேர் பாஞ்சாலி’க்கு முன்னர் சத்யஜித் ராய் சோதனைக் காட்சிகளை எடுத்தது 16 மி.மீ. கேமராவில். அதுவரை திரைப்படக் கேமராவையே இயக்கியிராத, 21 வயதேயான சுப்ரதோ மித்ரா அப்படத்தின் ஒளிப்பதிவாளரானார். இருந்தும் 1952இல் தொடங்கிய படம் பணமின்றி நின்று நின்று, இறுதியில் மேற்கு வங்க அரசின் உதவியோடு 1955இல்தான் வெளிவந்தது.

இரவல் கிடைக்காதது படச்சுருள்தான். 16 மி.மீ. சுருள் 100 அடி நீளமுடையதாயின், நொடிக்கு 24 சட்டக வேகத்தில் ஏறத்தாழ 2 நிமிடம் 45 நொடியில் தீர்ந்துவிடும். அரைமணி நேரப் படத்துக்கு நான்கு பங்கு படம்பிடிப்பதென்றால் 44 சுருள்கள் வேண்டும். கழுவுவதற்கும் பிரதி எடுப்பதற்கும் ஆகும் செலவு தனி. சாவி கொடுத்து முடுக்கும் கேமராவில் ஒரு முடுக்கலுக்கு அரை நிமிடம் அளவே ஓடும். மலிவான கருவியைத் தேர்ந்தவர் அதன் மூச்சளவையும் சேர்த்தே தேர்ந்தார்.

இதற்குத் தெளிவான சான்று ஆனந்த் பட்வர்தனின் முதல் ஆவணப்படமான ‘கிராந்தி கீ தரங்கேன்’. 1974இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமையிலான பீகார் இயக்கத்தில் தன்னார்வலராக இருந்தவர் பட்வர்தன். நவம்பர் 4 அன்று பாட்னாவில் நடக்கவிருந்த பேரணியில் காவல்துறையின் வன்முறை எதிர்பார்க்கப்பட்டதால், அதைப் பதிவுசெய்ய வேண்டிய தேவை எழுந்தது. கையிற் கிடைத்தது இரவல் சூப்பர் 8 கேமரா. குடும்ப விழாக்களையும் சுற்றுலாக்களையும் எடுப்பதற்கென கோடக் நிறுவனம் 1965இல் அறிமுகப்படுத்திய வகை. பேரணியும் தடியடியும் அதில்தான் பதிவாயின. பின்னர் அக்காட்சிகளைத் திரையில் ஓட்டி, அத்திரையையே 16 மி.மீ. கேமராவால் மீண்டும் படம்பிடித்தனர். மேலும் தேவைப்பட்ட காட்சிகள் பழைய 16 மி.மீ. கேமராவிலும் காலாவதியான சுருளிலும் எடுக்கப்பட்டன.

அப்படத்தில் புள்ளிகள் பெருத்துத் தெரிவதும் விளிம்புகள் கரைந்து நிற்பதும் இதனால்தான். கியூப இயக்குநர் ஹூலியோ கார்சியா எஸ்பினோசா 1969இல் எழுதிய ‘குறைபாடுடைய சினிமா’ பற்றிய கட்டுரையோடு இதை இணைத்து, அழகியல் தேர்வாகவே வாசிக்கும் போக்கு ஆய்வாளரிடையே உண்டு. வாசிப்பு தவறன்று, வரிசைதான் தலைகீழ். பாட்னாவில் முதலில் இருந்தது தேவை, அடுத்து வந்தது இரவல் கருவி. கோட்பாடு பின்னால் வந்து சேர்ந்தது. கெரில்லா சினிமா குறித்த தம் ஆய்வேட்டை மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்வர்தன் அளித்தது 1981இல்.

1975 சூன் மாதம் நெருக்கடிநிலை வந்தபோது மலிவு வேறொரு பொருள் பெற்றது. படத்தின் பிரதி துண்டுகளாக வெட்டப்பட்டு, வெவ்வேறு பயணிகளின் பைகளில் நாட்டைவிட்டு வெளியேறி, அயலில் மீண்டும் ஒட்டப்பட்டது. அளவிலும் எடையிலும் 35 மி.மீ. பிரதியைவிட மிகச் சிறிதான 16 மி.மீ. பிரதி இத்தகைய மறைவுப் பயணத்துக்கு ஏற்றதாயிருந்தது. இப்பயன் எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறாதது.

மகாராட்டிரத்தின் விசைத்தறி நகரான மாலேகாவில் நாசிர் ஷேக் குழுவினர் வீடியோ கேமராவில் படமெடுத்தபோது, மிதிவண்டி டிராலியாயிற்று, மாட்டுவண்டி கிரேனாயிற்று. ‘சூப்பர்மென் ஆஃப் மாலேகாவ்’ ஆவணப்படம் வழியே இதை அறிந்தோர் பலரும் சிரித்துக் கடந்தனர். டிராலிக்கும் கிரேனுக்கும் தேவைப்படுவது சீரான நகர்வே. அதைத் தரும் பொருளின் பெயர் எதுவாயிருந்தாலென்ன?

அசாமின் சாய்காவில் ரீமா தாஸ் ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்’ (2017) படத்தைக் கேனான் 5டி கேமராவைக் கையிலேந்தி, இயற்கை ஒளியில், தொழில்முறைக் குழுவின்றி எடுத்தார். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு அனைத்தும் அவரே. இங்கும் கேமராவின் விலையைவிட முக்கியமானது வேறு: சுருள் தீர்ந்துவிடும் என்ற அச்சம் நீங்கியிருந்தது. பள்ளி விடுமுறைக்கும் வெள்ளத்துக்கும் மழைக்கும் காத்திருக்க முடிந்தது. பல ஆண்டுகள் நீண்ட படப்பிடிப்பில், அதில் நடித்த சிறுவர்கள் கேமராவின் முன்னேயே வளர்ந்தனர்.