வாசல் திறந்தும் வகுப்பறைக்குப் புறத்தே

அனுமதி கிடைத்தாற் கல்வியும் கிடைத்ததென்றே நாம் எண்ணிவிடுகின்றோம். ஐக்கிய அமெரிக்காவில், ஒக்லகோமாச் சர்வகலாசாலையில் நிகழ்ந்ததைச் சற்று நோக்குவோம்.

ஜோர்ஜ் மக்லோரின் என்பார் கறுப்பினத்தவர். முதுமாணிப் பட்டம் பெற்றவர். கலாநிதிப் பட்டத்துக்குக் கற்க விரும்பினார். நிறத்தைக் காட்டி மறுத்தனர். வழக்காடி 1948இல் உட்புகுந்தார்.

அவருக்கு ஆசனம் எங்கே? வகுப்பறையை அடுத்த சிற்றறையில்! அங்கிருந்தே விரிவுரை கேட்கவேண்டும். நூல்நிலையத்தில் இடைமாடியில் ஒரு மேசை; பொது வாசிப்பறையில் அமரலாகாது. போசனசாலையிலுந் தனி மேசை, வேறு நேரம். இவையெல்லாம் பெயரளவிலான பிரிவே என்று வாதிட்டனர், நல்ல வாதம்!

சக மாணவரோடு விவாதித்துக் கருத்துப் பரிமாறாதவர் கற்பது எங்ஙனம்? 1950 யூன் 5இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் ஒருமனதாக அத்தடைகளை நீக்கிற்று. பாடசாலைகளில் நிறப்பிரிவினை சட்டத்துக்கு மாறானதென்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இவ்வழக்கை எடுத்துக்காட்டிற்று.