மூன்று வண்ணக்கோல் ஓவியமுறை

கறுப்பு, சிவப்பு, வெள்ளை ஆகிய மூன்று வண்ணக்கோல்களை மட்டும் கொண்டு, நிறமுள்ள தாளில் மனித உருவங்களை வரையும் முறை பிரெஞ்சு மொழியில் 'த்ருவா க்ரேயோன்' எனப்படுகிறது. 'மூன்று கோல்கள்' என்பது இதன் பொருள். இம்முறையை அதன் உச்சத்துக்குக் கொண்டு சென்றவராகப் பிரெஞ்சு ஓவியர் ஆந்த்வான் வாட்டோ (1684–1721) கருதப்படுகிறார்.

அக்காலத்துக் கோல்கள் இன்றைய வண்ணப் பென்சில்கள் போன்றவை அல்ல. பெரும்பாலும் மண்ணிலிருந்து வெட்டியெடுத்த மென்மையான கற்களைச் சீவி, பித்தளைப் பிடியில் செருகிப் பயன்படுத்தினர். கறுப்பு, கரிமம் கலந்த களிப்பாறை. சிவப்பு, இரும்புச்சத்து மிகுந்த காவிக்கல். வெள்ளை, சுண்ணக்கல்.

நிறங்கள் குறைவாக இருப்பினும் இம்முறை வறியதன்று. தாளே நான்காவது நிறமாக வேலை செய்கிறது. வெள்ளைத்தாளில் வரைபவர் ஒளியைத் தவிர மற்ற அனைத்தையும் வரைய வேண்டும். சாம்பல் அல்லது மங்கிய பழுப்புத் தாளிலோ நடுத்தர நிழல் முன்னரே இருக்கிறது. கூந்தலுக்கும் ஆழ்ந்த நிழலுக்கும் கறுப்பு; உதடு, கன்னம், மூக்கு நுனி, விரல் நுனி ஆகியவற்றுக்குச் சிவப்பு; நெற்றியிலும் பட்டுத்துணியின் மடிப்பிலும் விழும் ஒளிக்கு வெள்ளை. சிவப்பின் மேல் கறுப்புக் கோடுகள் பின்னினால் பழுப்பு தோன்றும். வெள்ளை கலந்தால் இளஞ்சிவப்பு வரும். கைதேர்ந்தவர் தாளின் பெரும்பகுதியைத் தொடாமலே விட்டுவிடுவார்.

இத்தாலியில் நீலக்கந்தல் துணிகளிலிருந்து செய்யப்பட்ட நீலத்தாள் 16ஆம் நூற்றாண்டு ஓவியர்களிடையே பரவலாகப் புழங்கியது. உர்பினோவைச் சேர்ந்த ஃபெதெரிகோ பரோச்சி அதில் வண்ணக்கோல்களால் முகங்களை வரைந்தார். பின்னர் ரூபன்ஸ் தம் மனைவி இசபெல்லா பிராண்டை மூன்று கோல்களால் வரைந்தார். குறும்பு கலந்த புன்னகையுடன் அவர் நோக்கும் அந்த ஓவியம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அது வரையப்பட்ட சில ஆண்டுகளில், 1626இல், இசபெல்லா இறந்தார்.

வாட்டோ, கூரை வேய்பவர் ஒருவரின் மகன். அவர் பிறந்த வலான்சியேன் நகரம் அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பிரான்சு வசமானது. பாரிசில் லக்சம்பர்க் அரண்மனையில் ரூபன்சின் ஓவியங்களையும், பின்னர் செல்வந்தர் பியேர் க்ரோசாவின் பெரும் திரட்டில் பழைய ஓவியர்களின் வரைபடங்களையும் பார்த்துப் பயின்றார். லூவரில் உள்ள, கறுப்பினச் சிறுவன் ஒருவனின் தலையை மூன்று கோணங்களில் காட்டும் தாள் அவரது திறனுக்குச் சிறந்த சான்று. கறுத்த தோலைக் கறுப்புக்கோலால் நிரப்பிவிடாமல், காவியையும் கறுப்பையும் இழைத்து, வெதுவெதுப்பான உயிருள்ள தோலாக அதை அவர் காட்டியிருக்கிறார்.

பெரும்பாலான ஓவியர்கள் ஓர் ஓவியத்தைத் திட்டமிட்டபின் அதற்குத் தேவையான உருவங்களை வரைவர். வாட்டோவின் வழக்கம் நேர்மாறானது. எந்த நோக்கமுமின்றி உருவங்களை வரைந்து ஏடுகளில் சேர்த்து வைப்பார்; ஓவியம் தீட்டும்போது அந்த ஏடுகளைப் புரட்டி, பொருத்தமானவற்றைத் தேர்ந்தெடுப்பார். இதனாலேயே ஒரே பெண் இரண்டு மூன்று ஓவியங்களில் அதே சாயலில் திரும்பி நிற்பதைக் காணலாம். இவ்வழக்கத்தைக் குறையாகவே பதிவு செய்தார் அவரது நண்பர் கோமகன் கேலுஸ். வாட்டோவுக்குத் தம் வண்ண ஓவியங்களைவிட வரைபடங்களே மனநிறைவு தந்தன என்கிறார் மற்றொரு நண்பரான ஓவிய வணிகர் ஜெர்சன். அவர் சொல்வதை நம்பலாம். வாட்டோவின் எண்ணெய் ஓவியங்கள் பல அவசரத்தில் கலந்த வண்ணங்களால் சீர்கெட்டன, தாள்களோ பெரும்பாலும் தப்பின.

காசநோயால் 36 வயதில் இறக்கும் தறுவாயில் வாட்டோ தம் வரைபடங்களை நான்கு நண்பர்களுக்குப் பகிர்ந்தளித்தார். அவர்களுள் ஒருவரான ழான் தெ ஜூலியேன் 1726க்கும் 1728க்கும் இடையில் ஏறத்தாழ 350 வரைபடங்களைச் செதுக்குப் படங்களாக்கி இரு தொகுதிகளில் வெளியிட்டார். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் செதுக்கியவர் அப்போது இளைஞராக இருந்த ஃபிரான்சுவா பூஷே. பூஷே இவ்வேலையின்போது கற்றதை வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தினார். ஆனால் ஒற்றை மையில் அச்சான படங்களில் காவியும் வெள்ளையும் காணாமற்போயின. வண்ணக்கோலின் பொடித்தன்மையையே தாளில் பதிக்கும் அச்சுமுறை 1750களுக்குப் பின் வளர்ந்தது. பூஷேயின் வரைபடங்களை தெமார்த்தோ அம்முறையில் சிவப்பிலும் பல நிறங்களிலும் அச்சிட்டார்.

இன்று காணும் பழைய தாள்கள் பலவற்றில் நிறம் மாறியுள்ளது. நீலத்தாளின் சாயம் ஒளிபட்டு வெளிறிச் சாம்பலாகவோ பழுப்பாகவோ ஆகிவிடும். தாளின் நிறம் மாறும்போது அதையொட்டி அளந்து வைக்கப்பட்ட வெள்ளையும் தன் எடையை இழக்கிறது. ஆகவே இத்தகைய வரைபடங்களை அருங்காட்சியகங்கள் மங்கிய ஒளியில் சில வாரங்கள் அல்லது மாதங்களே காட்சிக்கு வைத்து, மீண்டும் இருட்டறைப் பெட்டிகளுக்குள் வைத்துவிடுகின்றன.