வல்லோசை இசைத்தட்டுகளும் திறனாய்வாளர் தீர்ப்புகளும்

முன்னுரை

கலைகளின் வரலாற்றை எழுதப் புகுவோர், படைத்தவர் பெயரையும் படைப்பு வெளிவந்த ஆண்டையும் குறிப்பதோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். ஒரு படைப்பு வெளிவந்த நாளில் அதனைப் பற்றிக் கூறப்பட்ட தீர்ப்புகளுக்கும் தனியே ஒரு வரலாறு உண்டு. அத்தீர்ப்புகளைத் தொகுத்துக் காணும்போது, தீர்ப்புக் கூறியவர் கையில் இருந்த அளவுகோல் எத்தகையது என்பதும் நமக்குப் புலனாகிறது.

இதற்குத் தக்க சான்று, 1960களின் இறுதியில் மேலைநாட்டில் தோன்றிய ஹார்ட் ராக், ஹெவி மெட்டல் என்னும் வல்லோசை இசைவகைகளின் வரலாற்றில் கிடைக்கிறது. இவ்விசையை இரைச்சல் என்று ஒதுக்குவோர் நம்மிடையே பலர் உளர். அவர்தம் செவியை மாற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இன்று உயர்ந்தவை என்று போற்றப்படும் சில இசைத்தட்டுகளை, அவை வெளிவந்த காலத்தில் கற்றறிந்த திறனாய்வாளர் இகழ்ந்தது ஏன்? அவர் கூற்றுகளுள் பொய்த்தவை எவை, நிலைத்தவை எவை? இவ்வினாக்கள் மாணவர்க்குத் திறனாய்வு கற்பிக்கும் ஆசிரியர்க்கும் பயன் தருவன.

இதழ்கள் தோன்றிய காலம்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை இங்கிலாந்து இளைஞர்கள் 1960களில் ஆர்வத்துடன் பயின்றனர். மின்கித்தாரும் ஆற்றல்மிக்க ஒலிபெருக்கிகளும் அவர் கையில் கிடைத்தபோது அவ்விசை உரத்தது, கனத்தது. அதுவே ஹார்ட் ராக் இசையின் பிறப்பு எனலாம்.

அதே காலத்தில் அவ்விசையை ஆராயும் இதழ்களும் தோன்றின. சான் பிரான்சிஸ்கோ நகரில் 1967இல் 'ரோலிங் ஸ்டோன்' தொடங்கப்பட்டது. டெட்ராய்ட் நகரில் 1969இல் 'கிரீம்' என்னும் இதழ் தொடங்கப்பட்டது. நூல் மதிப்புரை எழுதுவது போன்றே நெடுநேர இசைத்தட்டுகளுக்கு மதிப்புரை எழுதும் வழக்கம் இவ்விதழ்களால் வலுப்பெற்றது. எழுதியவர் பெரும்பாலும் இளைஞர்; அஞ்சாது எழுதுபவர். அவர்தம் நடையில் இருந்த கூர்மையே அவ்விதழ்களுக்கு வாசகரைத் தேடித் தந்தது.

லெட் செப்பலின்: முதல் தீர்ப்பு

ஜிம்மி பேஜ், ராபர்ட் பிளாண்ட், ஜான் பால் ஜோன்ஸ், ஜான் பான்ஹம் ஆகிய நால்வர் 1968இல் லெட் செப்பலின் என்னும் குழுவை அமைத்தனர். குழுவின் பெயரையே தாங்கிய அவர்தம் முதல் இசைத்தட்டு 1969 சனவரியில் அமெரிக்காவில் வெளிவந்தது. அடுத்த மார்ச்சுத் திங்களில் ரோலிங் ஸ்டோன் இதழில் ஜான் மெண்டல்சோன் அதற்கு மதிப்புரை எழுதினார்.

அம்மதிப்புரையின் சாரம் கடுமையானது. இங்கிலாந்தில் வெற்றிபெற்ற ஒரு வாய்பாட்டை இக்குழு பின்பற்றுகிறது என்பது அவர் முதற்கூற்று. 1968இல் ஜெஃப் பெக் குழுவினர் 'ட்ரூத்' என்னும் இசைத்தட்டில் செய்ததைவிட இவர்கள் மிகுதியாக ஒன்றும் செய்துவிடவில்லை என்றார். பேஜ் கித்தார் வாசிப்பதில் வல்லவரேனும், பாடல் இயற்றுவதிலும் ஒலிப்பதிவை நெறிப்படுத்துவதிலும் குறையுடையவர் என்பது அவர் முடிவு. ஜெஃப் பெக்கின் இசைத்தட்டோடு ஒப்பிட்டதில் தவறில்லை. 'யூ ஷுக் மீ' என்னும் புளூஸ் பாடல் இரண்டு தட்டுகளிலும் இடம்பெற்றிருந்தது. ஆகவே ஒப்பீடு இயல்பாகவே எழுந்தது.

ஆயினும், ஒலிப்பதிவு பற்றிய அவர் தீர்ப்பு காலத்தின் முன் நிற்கவில்லை. முரசின் அருகே ஒலிவாங்கியை வைப்பதோடு அமையாது, தொலைவிலும் ஒன்றை வைத்து அறையின் எதிரொலியையும் பதிவு செய்வது பேஜ் கைக்கொண்ட முறை. 1971இல் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய மாளிகையின் படிக்கட்டுக் கூடத்தில் பான்ஹமின் முரசை வைத்து, மேலே ஒலிவாங்கிகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்த 'வென் த லெவி பிரேக்ஸ்' பாடல் இம்முறையின் உச்சம். மெண்டல்சோன் பாடலைத் தேடினார். குழுவினர் படைத்ததோ ஒலியின் பருமன். தேடியது கிடைக்காதபோது, கிடைத்தது கண்ணில் படவில்லை.

இகழ்ச்சி விற்பனையைத் தடுக்கவில்லை. இரண்டாம் இசைத்தட்டு 1969 டிசம்பரில் அமெரிக்கப் பட்டியலில் பீட்டில்ஸ் குழுவின் 'அபி ரோடு' தட்டைப் பின்தள்ளி முதலிடம் பெற்றது. அமைதியான கித்தார்ப் பாடல்கள் மிகுந்த மூன்றாம் தட்டையும் 1970இல் இதழாளர் பலர் குறைகூறினர். அதற்கு விடையாகவே, 1971 நவம்பரில் வந்த நான்காம் தட்டின் உறையில் தலைப்பையோ குழுவின் பெயரையோ அச்சிடாது விடுத்தனர். பெயரையும் விளம்பரத்தையும் பார்த்து எழுதுவோர் இசையை மட்டும் கேட்டு எழுதட்டும் என்பது அதன் உட்பொருள். இம்முறை ரோலிங் ஸ்டோன் இதழில் லென்னி கே பாராட்டியே எழுதினார்.

நிலைத்த குற்றச்சாட்டு

இங்ஙனம் கூறுவதால் திறனாய்வாளர் கூறியவை யாவும் பிழை என்று கொள்ளுதல் கூடாது. பிறர் இசையைப் போலச் செய்தல் என்ற குற்றச்சாட்டில் வலுவிருந்தது. இரண்டாம் தட்டின் புகழ்பெற்ற பாடலான 'ஹோல் லாட்டா லவ்', வில்லி டிக்சன் இயற்றி மட்டி வாட்டர்ஸ் 1962இல் பாடிய ஒரு பாடலைப் பெரிதும் தழுவியிருந்தது. தட்டில் டிக்சன் பெயர் இல்லை. அவர் 1985இல் வழக்குத் தொடுத்தார். 1987இல் வழக்கு இணக்கமாக முடிந்தது. பின்னர் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. முதல் தட்டில் இடம்பெற்ற 'டேஸ்டு அண்ட் கன்ஃபியூஸ்டு' குறித்து ஜேக் ஹோம்ஸ் 2010இல் வழக்குத் தொடுத்தார். அதுவும் இணக்கமாகவே முடிந்தது.

ஒலியைப் படைத்ததில் புதுமை, சொல்லையும் மெட்டையும் எடுத்துக்கொண்டதில் நேர்மைக் குறைவு, இரண்டும் ஒரே தட்டில் உள்ளன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது திறனாய்வாகாது. குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே ஆராய்ந்து, அவற்றுள் மிகுதியைக் கொள்ளுமாறு வள்ளுவர் வகுத்த நெறி ஈண்டும் பொருந்துகிறது.

பிளாக் சபாத்: தொழிற்சாலையும் சுரமும்

பர்மிங்காம் நகரத் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்த நால்வர் அமைத்த குழு பிளாக் சபாத். அதன் கித்தார்க் கலைஞர் டோனி ஐயோமி, 17ஆம் வயதில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை எந்திரத்திற்குப் பறிகொடுத்தார். அவர் இடக்கைப் பழக்கம் உடையவராதலின், தந்தியை அழுத்த வேண்டிய கை அதுவே. தீவிபத்தில் விரல்கள் சிதைந்தும் இரண்டே விரல்களால் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைத் தொழிற்சாலை மேலாளர் அவருக்குக் கேட்பித்தார். ஐயோமி பிளாஸ்டிக்குப் புட்டியை உருக்கி விரற்கூடு செய்து அணிந்தார். மெல்லிய தந்திகளைக் கட்டினார். 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' என்னும் 1971ஆம் ஆண்டுத் தட்டின் சில பாடல்களில் சுருதியை மூன்று அரைச்சுரம் தாழ்த்தினார். தந்தி தளர்ந்தது, ஓசை கனத்தது. பின்வந்தோர் பலர் பின்பற்றிய அக்கனத்திற்கு ஒரு தொழிலாளியின் காயமும் காரணம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இக்குழுவின் முதல் தட்டு 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவாகி, 1970 பிப்ரவரி 13 ஆம் நாள் வெளிவந்தது. ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பேங்ஸ் அதனைச் சாடினார். எரிக் கிளாப்டன் இடம்பெற்றிருந்து 1968இல் கலைந்த கிரீம் என்னும் மூவர் குழுவின் தாழ்ந்த நகல் என்பது அவர் கருத்து. (மேற்கூறிய இதழும் இக்குழுவும் ஒலியளவில் ஒரே பெயருடையனவாயினும் வெவ்வேறானவை.) மற்றொரு புகழ்பெற்ற திறனாய்வாளரான ராபர்ட் கிறிஸ்ட்காவும் அதற்கு மிகத் தாழ்ந்த மதிப்பெண்ணே வழங்கினார்.

பேங்ஸ் கூறியதில் ஒரு பகுதி இன்றும் மெய்யே. பத்து நிமிடங்களுக்கு மேல் நீளும் 'வார்னிங்' என்னும் பாடலின் தனிவாசிப்பில் இலக்கின்றி அலையும் பகுதிகள் உண்டு. அங்கே கிரீம் குழுவின் நிழல் விழுந்திருப்பதை மறுக்க இயலாது. ஆனால், தட்டின் முதற்பாடல் அத்தகையதன்று. குழுவின் பெயரையே கொண்ட அப்பாடல் மூன்றே சுரங்களால் எழுகிறது. நம் இசைமரபில் கூறுவதாயின் சட்சமம், மேல் சட்சமம், பிரதிமத்திமம் ஆகியவை அவை. சட்சமத்திற்கும் பிரதிமத்திமத்திற்கும் இடையே உள்ள இடைவெளியை மேலைமரபினர் நெடுங்காலம் இசைவற்றதாகக் கருதினர்; 18ஆம் நூற்றாண்டில் இசைநூலார் அதற்குப் பிசாசின் பெயரையே இட்டு வழங்கினர். நம் மரபிலோ 72 மேளகர்த்தாக்களுள் 36 பிரதிமத்திமம் உடையவை. மங்கலமானதாகக் கருதப்படும் கல்யாணியும் அவற்றுள் ஒன்று. ஒரு சுரம் அச்சம் தருவதும் மங்கலம் தருவதும் கேட்போரின் மரபைப் பொறுத்தது. தம் மரபினர் அஞ்சிய அதே ஓசையை வேண்டுமென்றே தேர்ந்து, மிக மெதுவாக ஒலிக்கச் செய்ததில்தான் பிளாக் சபாத் குழுவின் தனித்தன்மை அடங்கியுள்ளது. கிரீம் குழுவிடம் இத்தகைய அச்சம் இல்லை. ஆகவே நகல் என்ற சொல் முதற்பாடலுக்குப் பொருந்தாது.

அதே 1970ஆம் ஆண்டில் வந்த 'பாரனாய்ட்' இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது. போரைத் தூண்டுவோரைக் கண்டிக்கும் பாடலும், போதைப்பொருளால் அழிவோரைப் பற்றிய பாடலும் அதில் உள்ளன. பேங்ஸ் இக்குழுவை மீண்டும் ஆராய்ந்து 1972இல் கிரீம் இதழில் இரு பகுதிகளாக நீண்ட கட்டுரை எழுதினார். அதில் அவர்களை அறம் உரைப்போராகவே கண்டார். முன்னர்க் கூறியதைக் காத்துக்கொள்வதினும் மீண்டும் செவிமடுப்பதே பெரிது என்று காட்டியமையால், அவரை யான் அக்காலத் திறனாய்வாளருள் சிறந்தவராகக் கருதுகிறேன்.

பெயரிட்டவர் யார்?

ஹெவி மெட்டல், அதாவது கன உலோகம், என்னும் தொடர் நாவல்களிலும் ஒரு பாடலிலும் முன்னரே வேறு பொருளில் வழங்கியது. அதனை இவ்வகை இசைக்குரிய பெயராக அச்சில் ஆண்டவர்களுள் மைக் சாண்டர்ஸ் முதன்மையானவர். 1970 நவம்பரில் ரோலிங் ஸ்டோன் இதழில் ஹம்பிள் பை குழுவைப் பழிக்கவும், 1971 மே திங்களில் கிரீம் இதழில் சர் லார்டு பால்டிமோர் குழுவைப் பாராட்டவும் அதனைப் பயன்படுத்தினார். பழிப்பில் பிறந்த சொல் ஆறே திங்களில் புகழ்ச்சொல்லாயிற்று. திறனாய்வாளர் தாம் விரும்பாத ஒன்றுக்கும் பெயர் தந்து அதனை நிலைபெறச் செய்துவிடுகின்றனர் என்பதற்கு இது நல்ல சான்று.

உள்ளிருந்து எழுந்த திறனாய்வு

1970களின் இறுதிவரை பெரிய இதழ்களின் ஏளனம் தொடர்ந்தது. ஏசி டிசி குழுவின் 'ஹை வோல்டேஜ்' தட்டை 1976இல் ரோலிங் ஸ்டோன் மிகக் கீழாகத் தாழ்த்தியது. அக்குழுவினரின் 'பேக் இன் பிளாக்' 1980இல் வெளிவந்து, அமெரிக்காவில் மட்டும் 2.5 கோடிப் படிகளுக்கு மேல் விற்பனைச் சான்று பெற்றது.

இதற்கிடையே இங்கிலாந்தில் 'சவுண்ட்ஸ்' இதழ் 1979இல் புதிய குழுக்களுக்கு ஆதரவளித்தது. அதன் இணைப்பாக 1981இல் வெளிவந்த 'கெராங்', பின்னர்த் தனியிதழாக வளர்ந்தது. இவற்றில் எழுதியோர் அவ்விசையை விரும்பிக் கேட்டவர். அவர்களிடம் நுணுக்கம் இருந்தது; சில வேளைகளில் நடுநிலை இல்லை. வெளியிலிருந்து எழுதியோர் எல்லாத் தட்டையும் ஒன்றெனத் தள்ளினர். உள்ளிருந்து எழுதியோர் எல்லாவற்றையும் தழுவினர். இவ்விரு குறைகளையும் கடந்த ஆய்வு 1990களில் வந்தது. டீனா வைன்ஸ்டைன் 1991இல் சமூகவியல் நோக்கிலும், ராபர்ட் வால்சர் 1993இல் இசையியல் நோக்கிலும் இவ்விசையை ஆராய்ந்து நூல்கள் வெளியிட்டனர்.

நம் வட்டாரத் தீர்ப்பு

நம் வட்டாரத்திலும் இவ்விசை பற்றித் தீர்ப்புகள் எழுந்தன. ஆனால், அவை இதழ்களில் எழுந்தவை அல்ல. 1972 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இசைநிகழ்ச்சி நடத்த வந்த லெட் செப்பலின் குழுவினர் நீண்ட முடி வைத்திருந்தமையால் நாட்டுக்குள் அனுமதிக்கப்படவில்லை, நிகழ்ச்சி நின்றது. மலேசியாவில் மலாய் ராக் குழுக்கள் பெரும்புகழ் பெற்றிருந்த 1992இல், நீண்ட முடியுடைய கலைஞர்கள் அரசுத் தொலைக்காட்சியில் தோன்றத் தடை விதிக்கப்பட்டது. அவ்விரு தீர்ப்புகளிலும் முடி எடுத்துக்கொள்ளப்பட்டது, இசை எடுத்துக்கொள்ளப்படவில்லை. மெண்டல்சோனும் பேங்ஸும் கடுஞ்சொல் கூறினாலும், இசைத்தட்டைக் கேட்ட பின்னரே கூறினர் என்னும் வேறுபாடு கருதத்தக்கது.

தீர்ப்பு மாறிய வரலாறு

1989இல் அமெரிக்காவின் கிராமி விருதில் இவ்வகைக்கென முதன்முதல் வழங்கப்பட்ட பரிசு, மெட்டாலிக்கா குழுவைக் கடந்து ஜெத்ரோ டல் குழுவுக்குச் சென்றதும் பலர் நகைத்தனர். அதே மெட்டாலிக்கா 1986இல் வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', 2016இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. ரோலிங் ஸ்டோன் இதழே 2003இல் வெளியிட்ட சிறந்த 500 தட்டுகளின் வரிசையில், தான் ஒருகால் இகழ்ந்த லெட் செப்பலின் முதல் தட்டுக்கு 29ஆம் இடம் தந்தது. 2017இல் அது வெளியிட்ட சிறந்த 100 மெட்டல் தட்டுகளின் வரிசையில் 'பாரனாய்ட்' முதலிடம் பெற்றது.

இம்மாற்றத்தைக் கண்டு, அன்றையோர் அறிவிலர், இன்றையோர் அறிஞர் என முடிவு கட்டுதல் எளிது, அது சரியன்று. இளமையில் அவ்விசையைக் கேட்டு வளர்ந்தோர் பின்னாளில் இதழாசிரியராயினர். அவர்தம் புகழ்ச்சியில் ஆய்வும் உண்டு. பழைய நினைவின் இனிமையும் உண்டு. மெண்டல்சோன் சுட்டிய குறைகளை விளக்காது வரிசை எண்ணை மட்டும் உயர்த்துவது, அன்றைய ஏளனத்தைப் போன்றே எளிதில் கிடைக்கும் தீர்ப்பாகும். விற்பனைத் தொகையும் தரத்திற்குச் சான்றன்று. தரமின்மைக்கும் அது சான்றன்று.

முடிவுரை

இவ்வரலாற்றால் பெறப்படுவது ஒன்று. புதிய படைப்பை மதிப்பிடுவோர் மூன்று வினாக்களைத் தனித்தனியே எழுப்புதல் வேண்டும். இப்படைப்பு எதைச் செய்ய முயல்கிறது? அதைச் செய்து முடித்ததா? அது செய்யத்தக்கதா? முதல் வினாவைக் கேளாமல் மூன்றாம் வினாவுக்கு விடை கூறியதே அன்றைய திறனாய்வாளர் பலரின் பிழை. பழைய பாடலை அளக்கும் கோலால் புதிய ஒலியை அளந்தனர். அளவு குறைந்தது கண்டு பொருள் குறைந்தது என்றனர். எனினும் அவர்தம் துணிவு மறக்கத்தக்கதன்று. கூட்டம் கைதட்டும்போது எதிர்நின்று எழுதிய அவர் சொற்கள் இருந்தமையாலேயே, எது பொய்த்தது எது நிலைத்தது என்று இன்று நம்மால் ஆராய முடிகிறது.

பிளாக் சபாத் குழுவின் பாடகர் ஓசி ஆஸ்பர்ன், 2025 சூலை 5 ஆம் நாள் பர்மிங்காமில் நண்பர்களோடு இறுதியாக மேடையேறி, அதே திங்கள் 22 ஆம் நாள் மறைந்தார். ஒரே நாளில் பதிவான அம்முதல் தட்டு 55 ஆண்டுகளுக்குப் பின்னும் கேட்கப்படுகிறது. அதனைச் சாடிய மதிப்புரையும் படிக்கப்படுகிறது. மாணவர்க்கு இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுவோமாயின், முடிவைக் கற்பிப்பதினும் முடிவுக்கு வரும் முறையைக் கற்பித்தவர் ஆவோம்.