மூடியைக் கழட்டினால் வருஷம் தெரியும்

ஒரு பழைய கிட்டார் பெடல். தகரப் பெட்டி, ரெண்டு குமிழ், காலால் மிதிக்க ஒரு பொத்தான். பெயின்ட் உரிந்து, பெயர் அழிந்துபோயிருக்கிறது. "இது எழுபத்தி நாலாம் வருஷத்து சாமான், எங்க பெரியப்பா திருவிழாவுல வாசிச்சது" என்று வீட்டில் சொல்வார்கள். விலை பேசி விற்க வருகிறவரும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு கதையோடுதான் வருவார். எதை நம்புவது?

ராகலையில் ஒரு லயத்து அலுமாரி மேல் இப்படி ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதுக்கு வயசு பார்க்க முதலில் பெடலின் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும்.

1960இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாட்டைப் பதிவு செய்தபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் போன மிக்ஸர் சேனல் பழுதாகிவிட்டது. துணி கிழிகிற மாதிரி கரகரவென்று சத்தம். அதை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். அடுத்த வருஷம் பாட்டு ஹிட். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே ஒரு பெட்டிக்குள் கொண்டுவரப் பார்த்தார். 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' கடைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' வந்த பிறகுதான் எல்லோரும் அதைத் தேடினார்கள். 1966இல் லண்டனில் 'ஃபஸ் ஃபேஸ்', அந்தப் பத்தாண்டு முடியும்போது நியூயோர்க்கில் 'பிக் மஃப்', 1977இல் ஜப்பானின் 'பாஸ்' கொம்பேக்ட் வரிசை, 1979இல் ஐபனீஸ் டிஎஸ்-808 என்று வரிசையாக வந்தன.

ஆக, மாடல் தெரிந்தாலே ஓர் எல்லை கிடைத்துவிடும். 74இல் வாசித்ததாகச் சொல்லப்படுவது பாஸ் கொம்பேக்ட் பெடல் என்றால், ஒன்று வருஷம் பிழை, இல்லாவிட்டால் பெடல் வேற.

வெளியே இருக்கும் அடையாளங்கள் பாதி தூரம்தான் கூட்டிப்போகும். பாஸ் பெடலில் 'மேட் இன் தாய்வான்' என்று இருந்தால், உற்பத்தி அங்கே மாறிய எண்பதுகளின் கடைசிக்கு முந்தியது அல்ல. ஆனால் 'மேட் இன் ஜப்பான்' என்று இருப்பதெல்லாம் பழசும் அல்ல, 2014க்குப் பிறகும் சில மாடல்களை ஜப்பானில் செய்கிறார்கள். டிஎஸ்-808ஐ 2004இல் அதே பச்சை நிறத்தில் மறுபடி வெளியிட்டார்கள். ஐரோப்பிய 'சீ-ஈ' முத்திரை இருந்தால் தொண்ணூறுகளுக்குப் போய்விடலாம்.

சரி, இனி மூடியைக் கழட்டுவோம்.

முதலில் வொல்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்சியோமீட்டரின் முதுகைப் பாருங்கள். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் அதில் ஒரு எண் குத்தியிருக்கும். உதாரணமாக 1377432. முதல் மூன்று இலக்கம், 137, செய்த கம்பனி சிடிஎஸ் என்று சொல்லும். 74 வருஷம். 32 அந்த வருஷத்தின் வாரம். அதாவது 1974 ஆகஸ்ட். பல ஐசிக்களிலும் நாலு இலக்கத்தில் வருஷமும் வாரமும் இருக்கும்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவார்கள். அந்த எண் பாகம் செய்த தேதி, பெடல் செய்த தேதி அல்ல. கம்பனிகள் பழைய ஸ்டாக்கை வருஷக்கணக்கில் வைத்துப் பாவித்திருக்கின்றன. அதனால் ஒரு பாகத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. எல்லாப் பாகத்தையும் பார்த்து, அதில் ஆகப் புதியது எதுவோ அதைப் பிடிக்க வேண்டும். "இந்தத் தேதிக்கு முன்னால் இது செய்யப்பட்டிருக்க முடியாது" என்பதுதான் நாம் நேர்மையாகச் சொல்லக்கூடியது. அதுவும் அந்தப் பாகம் தொடக்கத்திலிருந்தே இருந்தால்தான். ஈயம் வைத்த இடத்தில் ரெண்டாவது தடவை சூடு பட்ட தடம் இருந்தால், பாகம் மாறியிருக்கிறது. பழைய மாடலுக்கு விலை அதிகம் என்பதால் சிப்பைக் கழட்டி மாற்றி விற்பதும் நடக்கிற விஷயம்தான்.

இந்த எண்கள் உலகம் முழுக்கப் பொது. பெடல் எப்படி மலைக்கு ஏறி வந்தது என்பதை அவை சொல்லாது. அதுக்கு நம்ம நாட்டு வரலாறு வேண்டும். 1970 முதல் 77 வரை இறக்குமதிக்கு இறுக்கமான கட்டுப்பாடு. அரிசிக்கே தட்டுப்பாடாக இருந்த காலத்தில் வெளிநாட்டு கிட்டார் பெடல் வாங்குவது லேசான காரியம் அல்ல. ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் போன்றவர்களின் தமிழ்ப் பொப் பாட்டு ஓங்கியதும் அதே எழுபதுகளில்தான். 1977 கடைசியில் திறந்த பொருளாதாரம் வந்தது. பிறகு ஜப்பான் சாமான் கடைகளில் குவிந்தது.

ஆகவே 1974 என்று எண் உள்ள பெடல், 74இலேயே ராகலைக்கு வந்திருக்க வேண்டும் என்று இல்லை. கொழும்பில் நாலு கை மாறி, எண்பதில்கூட வந்திருக்கலாம்.

இன்னொன்றும் யோசிக்கணும். ஃபஸ் ஃபேஸுக்குள் இருப்பது ரெண்டு ட்ரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூணு கெப்பாசிட்டர், ரெண்டு குமிழ். அவ்வளவுதான். அதில் போட்ட ஏசி128 மாதிரியான ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர்கள் அந்தக் காலத்து ரேடியோக்களிலும் இருந்தவை. ரேடியோ திருத்தத் தெரிந்த ஒருவர் மனசு வைத்தால் செய்துவிடலாம். ஜெர்மேனியம் சூட்டுக்கு மாறும் சாதி. ராகலைக் குளிரில் ஒரு சத்தம், கொழும்பு வெயிலில் வேற சத்தம். பெயரில்லாத பெட்டி கிடைத்தால் "டூப்ளிகேட்" என்று தூக்கி எறிய முன்னால் ஒருமுறை உள்ளே பாருங்கள். அது நம்ம ஆள் ஒருத்தர் கையால் செய்ததாக இருக்கலாம்.

சேகரிப்பவர்களுக்கு மாற்றிய பாகம் என்றால் விலை பாதி. அவர்கள் தேடுவது ஃபெக்டரியை. நாம் தேடுவது ராகலையை என்றால், அந்த மாற்றிய கெப்பாசிட்டர்தான் முக்கியம். பெடல் இங்கே வாழ்ந்தது, பழுதானது, யாரோ திருத்தினார்கள், மறுபடி வாசித்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

சான்று கேட்பது நமக்குப் புதிதல்ல. 1948 பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவனிடமே தகப்பன் இங்கே பிறந்தவர் என்று, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று நிரூபிக்கச் சொன்னது. கடதாசி இல்லாததால் உண்மையே இல்லை என்று ஆனது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பல் ஏறியவர்களோடு எத்தனையோ சாமானும் அதன் கதையும் போய்விட்டது. அதனாலேயே நம்ம பொருட்களுக்கு நாமே கடதாசி எழுத வேண்டியிருக்கிறது. பெருமைக்காக வருஷத்தைக் கூட்டிச் சொன்னால், நாளைக்கு உண்மையான கதையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருந்தால், கழட்டித் துடைக்க முன்னால் உள்ளேயும் வெளியேயும் போட்டோ எடுங்கள். எண்களை எழுதுங்கள். பிறகு பெரியவர்களிடம் கேளுங்கள்: யாரிடம் வாங்கினது, எந்தத் திருவிழாவில் வாசித்தது, யார் திருத்தினது? பாகம் சொல்வதையும் அவர்கள் சொல்வதையும் தனித்தனியாக, கேட்ட தேதியோடு எழுதி, மடித்து அந்தப் பெட்டியோடயே வையுங்கள். ரெண்டும் ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை, அதையும் எழுதுங்கள்.