துரை சாப்பாடு

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் பெண்ணும் துரை சாப்பாடு சாப்பிடப் போகிறோம். பெயர் என் மனைவி வைத்தது. பெரிய செலவு ஒன்றுமில்லை. பஸ் ஏறி மவுண்ட் ரோடில் இறங்கவேண்டியதுதான். அண்ணா சாலை என்று பெயர் மாறி எத்தனையோ வருஷமாகியும், கண்டக்டரைப் பார்த்ததும் வாய் மவுண்ட் ரோடு என்றுதான் சொல்கிறது. மாடிப்படி ஏறிப் போகும் பழைய கடை ஒன்றில் சூப்பு, வெண்ணெய் தடவிய ரொட்டி, கட்லெட், கடைசியில் கேரமல் கஸ்டர்டு. பிறகு வாலாஜா ரோடு வழியாகக் கடற்கரைக்குக் காலாற ஒரு நடை. உள்ளூரிலேயே இருந்துகொண்டு சீமைக்குப் போய்வந்த மாதிரி இருக்கிறது என்பாள் அவள். நான் சீமைக்குப் போனதில்லை. போனாலும் அங்கே இந்த ருசி கிடைக்குமா என்று எனக்குச் சந்தேகம். இது சீமையில் பிறந்த சாப்பாடாக இருக்கலாம். வளர்ந்தது சென்னைப் பட்டணத்துக் குசினிகளில்.

குசினி என்ற சொல்லே போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. மேஜையும் அப்படித்தான். சொல்லைக் கொடுத்தவர்கள் அவர்கள். அடுப்பு ஊதியவர்கள் யார் என்பதற்கு ஒரு புத்தகம் சாட்சி சொல்கிறது.

கென்னி ஹெர்பர்ட் என்று சென்னைப் படையில் ஓர் அதிகாரி இருந்தார். சாப்பாட்டு விஷயத்தில் மகா ரசிகர். 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878-இல் சென்னைக்கென்றே ஒரு சமையல் புத்தகம் எழுதினார். மவுண்ட் ரோடில் இன்றும் இருக்கும் ஹிக்கின்பாதம்ஸ்தான் அதை வெளியிட்டது. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் மேஜை நிறையக் குழம்பும் சோறும் இறைச்சியுமாகக் குவித்துத் தின்ற வழக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. பிரெஞ்சு முறையில், கொஞ்சமாக, பக்குவமாகச் சாப்பிடவேண்டும் என்பது அவர் கட்சி. முப்பது விருந்துகளுக்குப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வது என்று விளக்கியிருக்கிறார். டப்பாவில் அடைத்து வரும் சீமைப் பண்டங்களை நம்பி நல்ல உள்ளூர்ச் சாமான்களை விடுகிறவர்களைக் கேலி செய்கிறார். அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

புத்தகம் முழுவதும் ராமசாமி என்று ஒருவன் வருகிறான். அது ஒரு தனி மனிதனின் பெயர் அல்ல. சென்னையில் துரைமார் வீட்டுச் சமையற்காரன் எவனாயிருந்தாலும் அவருக்கு ராமசாமிதான். ராமசாமிக்கு இதைச் சொல்லிக் கொடு, அதைச் செய்யவிடாதே என்று துரைசானிகளுக்குப் புத்தி சொல்கிறார். ஆனால் ஒரு நியாயமும் பேசுகிறார். பங்களாவுக்குப் பின்னால் தள்ளிக் கட்டிய, புகையும் அழுக்கும் நிறைந்த அறையில் அவனை நிறுத்திவிட்டு, அவனிடம் பாரிஸ் பக்குவம் எதிர்பார்ப்பது சரியா என்று கேட்கிறார். கேட்டாரே தவிர, ராமசாமியின் சொந்தப் பெயரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த அறையில்தான் எல்லாம் நடந்தது. ஈஸ்டு கிடைக்காத காலத்தில் மாவைப் புளிக்கவைக்கக் கள் சேர்த்தார்கள். துரை காலையில் வெண்ணெய் தடவித் தின்ற ரொட்டி, பனைமரத்தடியிலிருந்து வந்த ரொட்டி! சூப்பின் கதை இன்னும் வேடிக்கை. காய்ச்சல் கண்டவனுக்கு நம் வீடுகளில் வைக்கும் மிளகுத் தண்ணி, துரை மேஜைக்குப் போகும்போது கோழியோ ஆட்டிறைச்சியோ சேர்ந்து கெட்டியாகி, 'முல்லிகட்டானி' ஆயிற்று. அதன் பூர்வீகம் தமிழ் என்பதை வைவர்னும் ஒப்புக்கொள்கிறார். அந்தச் சூப்பின்மேல் இருந்த மோகத்தால், சென்னை ராஜதானியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு மற்ற மாகாணத்துக்காரர்கள் 'முல்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ரசத்தின் பெயரால் ஆண்டவர்கள் என்று சொல்லலாம்.

பங்களாவிலிருந்து இந்தச் சாப்பாடு கடைத்தெருவுக்கு வந்ததும் மவுண்ட் ரோடில்தான். ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் என்பவர் இங்கே ஒரு ஹோட்டல் நடத்தினார். கவர்னர் மாளிகை விருந்துகளுக்கே பண்டம் செய்து கொடுத்த மனிதர். கரண்டி பிடித்த கையோடு சும்மா இருக்கமாட்டாமல், 1910-இல் ஓர் ஆகாய விமானம் செய்து பறந்தும் காட்டினார். அவருக்குப் பின் அந்த இடம் பொஸொட்டோ என்ற இத்தாலியரிடம் போயிற்று. முதலாளிகளின் பெயர்கள் சரித்திரத்தில் இருக்கின்றன. உள்ளே மாவு பிசைந்தவர்கள் மறுபடியும் ராமசாமிகளே.

சாப்பிட்ட பிறகு நாங்கள் போகும் கடற்கரையும் துரைமார் உலாவுவதற்கென்று ஏற்பட்டதுதான். கிராண்ட் டஃப் என்ற கவர்னர் 1884-வாக்கில் இந்த உலாச் சாலையை அமைத்து, தாம் ஸிஸிலியில் பார்த்த கடற்கரையின் ஞாபகமாக மெரீனா என்று பெயர் வைத்தார். சாலை அவர் போட்டது. மணல் அவர் போட்டதல்ல. வடக்கே துறைமுகம் கட்டிக் கடலுக்குள் சுவர் நீட்டியதும், கரையோடு நகர்ந்து போய்க்கொண்டிருந்த மணல் தடைப்பட்டுத் தெற்கே ஒதுங்கி, வருஷத்துக்கு வருஷம் அகன்றது. யாரும் யாருக்காகவும் திட்டமிடாத அந்த மணலில்தான் இன்று ஊரே உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் தெற்கே போனால் ஐஸ் ஹவுஸ். 1842-இல் கட்டியது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏரியிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்த இடம். பட்டணத்துப் பிரபுக்களின் கோப்பை குளிர்வதற்காக உலகத்தைச் சுற்றிவந்த தண்ணீர்! பிற்பாடு இயந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டதும் வியாபாரம் படுத்துவிட்டது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று கட்டடத்துக்கு அவர் பெயர். எதிரே மணலில் என் பெண் குச்சி ஐஸ் தின்கிறாள்.

என் தாத்தாவும் இந்த மணலுக்கு வருவாராம். 1930-களில் நுங்கம்பாக்கத்தில் ஒரு துரை பங்களாவில் மேட்டியாகச் சேர்ந்து, பாத்திரம் துலக்கி, காய் நறுக்கி, கடைசியில் குசினிப் பொறுப்புக்கே வந்தவர். மாதத்தில் ஒரு சாயங்காலம் லீவு. அன்று சுண்டல் வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். 1947-இல் துரை ஊருக்குப் போனார். தாத்தா வேறு பிழைப்புக்குப் போனார். வீட்டில் அவர் கரண்டியைத் தொட்டதில்லை. பாட்டி வைக்கும் கருவாட்டுக் குழம்பைக் குறை சொன்னதும் இல்லை.

என் அப்பா 1968-இல் முதல் சம்பளம் வாங்கியதும் அவரை மவுண்ட் ரோடு ஹோட்டல் ஒன்றுக்கு அழைத்துப் போனார். "உக்காரு நைனா" என்று இரண்டு தடவை சொன்ன பிறகே தாத்தா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாராம். சூப்பு வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "மிளகு பத்தாது" என்றார். கஸ்டர்டு வந்ததும் தட்டை லேசாக ஆட்டி, அது எப்படி நடுங்குகிறது என்று பார்த்தார். "சக்கரையைக் கருக உட்டுட்டான்" என்று சொல்லிவிட்டு, துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து, கரண்டிகளை ஒரு கிண்ணத்தில் சேர்த்து, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்துவிட்டார். பரிமாறுகிற பையன் ஓடிவந்து, "நீங்க உக்காருங்க பெரியவரே, நான் எடுக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டான். தாத்தா உட்காரவில்லை. பில் வரும்வரைக்கும் மேஜையோரம் நின்றுகொண்டேயிருந்தாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பெண் இரண்டாவது கஸ்டர்டு கேட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கடற்கரை இன்றைக்கு இல்லை என்று ஆனதும், எனக்கும் ஒன்று கொண்டுவரச் சொன்னேன். வந்ததும் தட்டை லேசாக ஆட்டிப் பார்த்தேன்.