கடதாசி நட்சத்திரம்: சில வரலாற்றுக் குறிப்புகள்

நத்தாருக்கு முந்திய நான்காவது ஞாயிறு வந்துவிட்டால் ஜேர்மனியின் ஜன்னல்களிலும் வாசல்களிலும் தேவாலயக் கூரைகளின் கீழும் ஒரு நட்சத்திரம் ஏறிவிடும். ஊரில் நாம் கட்டிய நட்சத்திரக் கூடு போல ஐந்து முனை கொண்டதல்ல. எல்லாப் பக்கமும் கூர்களை நீட்டிக்கொண்டு, உள்ளே விளக்கெரிய, சுருண்ட முள்ளம்பன்றி போலத் தொங்கும். ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்பது அதன் பெயர். கடையில் வாங்கப்போனால் விலையும் குத்தும். இது வெள்ளைக்காரரின் பரம்பரைச் சொத்து, நாம் வெளியே நின்று பார்க்கவேண்டியது என்றே எம்மவரில் அநேகர் எண்ணுகிறார்கள். ஆனால் அதன் பூர்வீகத்தை விசாரித்துக்கொண்டு போனால் நாம் போய்ச் சேருமிடம் ஓர் அகதிக் குடியிருப்பு.

1620இல் பிராக் நகருக்கு அருகே வெள்ளைமலையில் நடந்த சண்டையில் பொஹீமியாவின் புரட்டஸ்தாந்துகள் தோற்றார்கள். அதன்பின் பொஹீமியாவிலும் மொராவியாவிலும் கத்தோலிக்கர் அல்லாதவர்கள் ஒன்றில் மதம் மாறவேண்டும், அல்லது நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்றாயிற்று. போக வசதியில்லாதவர்கள் மூன்றாவது வழியொன்றைப் பிடித்துக்கொண்டார்கள்: வெளியே மாறியதாகக் காட்டி, வீட்டுக்குள் பழைய வேதப்புத்தகத்தை ஒளித்து வைத்திருப்பது. நூறு வருடம் இப்படி ஒளித்திருந்தவர்களின் வழிவந்த சில குடும்பங்கள் 1722இல் எல்லை கடந்து சாக்ஸனிக்குள் வந்தன. சின்சென்டோர்ஃப் என்ற பிரபு தனது நிலத்தில் இடங்கொடுத்தார். கிறிஸ்தியான் டாவிட் என்ற தச்சர் முதல் மரத்தை வெட்டினார். ஹெர்ன்ஹூட் உண்டானது அப்படித்தான். பொஹீமியாவிலிருந்து வந்த வேறு அகதிகள் 1742இல் இன்னோர் ஊரை அமைத்து அதற்கு நீஸ்கி என்று பெயர் வைத்தார்கள். செக் மொழியில் 'தாழ்ந்தது' என்று அர்த்தம். (அகதிகள் தமது குடியிருப்புகளுக்கு வைக்கும் பெயர்களைப் பற்றி யாராவது தனியே எழுதவேண்டும்.)

விசித்திரமான கூட்டம் இது. தாமே ஒதுங்க இடமில்லாமல் வந்தவர்கள், வந்து பத்து வருடத்தில், 1732இல், கரிபியனின் அடிமைத் தோட்டங்களுக்கு மிஷனரிகளை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். கிறீன்லாந்து, சூரினாம், லாப்ரடோர் என்று போனார்கள். 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். போன இடங்களில் பலரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அங்கே பிறந்த பிள்ளைகளைச் சிறுவயதிலேயே கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு, சபையின் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பிவிடுவது வழக்கமாயிற்று. கடிதம் வந்துசேர மாதக்கணக்காகும். தாய் தகப்பனை மறுபடி காணாமலே வளர்ந்து பெரியவர்களான பிள்ளைகளும் உண்டு. நீஸ்கியில் இருந்ததும் இத்தகைய பள்ளிதான்.

நட்சத்திரம் பிறந்தது அங்கே. பக்தியில் பிறந்ததென்பதைவிடக் கணக்குப் பாடத்தில் பிறந்ததென்பதே சரி. கேத்திரகணிதத்தை விளங்கவைப்பதற்காகக் கடதாசியையும் மட்டையையும் கொடுத்துப் பிள்ளைகளின் கையாலேயே உருவங்களைச் செய்வித்தார்கள். 1821 ஜனவரியில் பள்ளியின் ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்கு 110 கூர்கள் கொண்ட நட்சத்திரமொன்று விளக்கேற்றித் தொங்கவிடப்பட்டது. பின்னர் சபையின் மற்றப் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் பரவிற்று. ஒவ்வொரு வருடமும் அந்த முதல் ஞாயிறன்று பிள்ளைகள் கூடியிருந்து கூர்களை ஒட்டினார்கள். பெற்றோர் இல்லாத நத்தாருக்குள் நுழைவதற்கு அவர்களுக்கு ஒரு கைவேலை கிடைத்தது.

வீட்டில் செய்ய விரும்புவோருக்குச் சொல்கிறோம்: கணக்கு அப்படியொன்றும் கடினமில்லை. நடுவில் 26 முகங்கள் கொண்ட ஒரு கூடு. 18 சதுரங்கள், 8 முக்கோணங்கள், எல்லாப் பக்கமும் ஒரே நீளம். ஒரு சதுரத்தைத் தொங்கவிடவும் விளக்கை நுழைக்கவும் விட்டுவிடவேண்டும். மிகுதிப் 17 சதுரங்களிலும் நாலுபக்கக் கூர்கள், 8 முக்கோணங்களிலும் மூன்றுபக்கக் கூர்கள். ஆக 25. கூட்டின் பக்கம் 5 சென்ரிமீற்றர் என்றால் கூர் 15 சென்ரிமீற்றர் நீண்டால் வடிவாக இருக்கும். கூட்டுக்குப் பெட்டி மட்டை போதும். கூருக்குத் தடித்த வெள்ளைத் தாள். மை தீர்ந்த பேனையால் கோட்டை அழுத்திவிட்டு மடித்தால் ஓரம் நேராக வரும். சின்னப் பிள்ளைக்கு மூன்றுபக்கக் கூரைக் கொடுங்கள், பெரியதற்கு நாலுபக்கக் கூரை. மெழுகுதிரி வேண்டாம், சூடேறாத சிறு மின்விளக்கு வையுங்கள். ஒரே இரவில் முடிக்க நினைத்தால் வீட்டில் சண்டைதான் வரும்.

1897 அளவில் ஃபெர்பேக் என்பவர் ஹெர்ன்ஹூட்டில் இதை விற்பனைக்குச் செய்யத் தொடங்கினார். பாடமாக இருந்தது பண்டமாயிற்று. இதிலே குறைசொல்ல நமக்கு அதிகம் இல்லை. ஆனால் அதே காலத்தில் துரிங்கியா மலைப்பக்கத்தில் லவுஷா என்ற ஊரில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நத்தார் மரத்துக் கண்ணாடிக் குண்டுகள் 1847 அளவிலிருந்து அங்கே செய்யப்பட்டன. தகப்பன் ஊத, தாய் உள்ளே வெள்ளிப்பூச்சுப் பூச, பிள்ளைகள் நிறந்தீட்டி மூடி பொருத்திப் பெட்டியில் அடுக்கினார்கள். 1880களிலிருந்து அமெரிக்காவின் வூல்வேர்த் கடைகள் அவற்றை ஏராளமாக வாங்கின. அமெரிக்கத் தொழிலாளி சில்லறைக் காசுக்கு வாங்கிய குண்டின் மலிவு, லவுஷாப் பிள்ளையின் நித்திரையிலிருந்து எடுக்கப்பட்டது. சொந்தப் பிள்ளைகளை வீட்டுத்தொழிலில் ஈடுபடுத்துவதற்குக்கூடக் கட்டுப்பாடு விதிக்க 1903இல் ஜேர்மனியில் ஒரு சட்டமே தேவைப்பட்டது. இரண்டும் பிள்ளைகளின் கைவேலைதான். நீஸ்கிப் பிள்ளை தனது நட்சத்திரத்தின் கீழ் இருந்தது. லவுஷாப் பிள்ளையின் குண்டு வேறொருவர் வீட்டு மரத்தில் தொங்கியது.

பள்ளிக்குப் போகாத சிறுபிள்ளைகளின் கையில் கடதாசியைக் கொடுத்தவர் ஃபிறெடெரிக் ஃபுறோபல். 1837இல் பிளாங்கன்பேர்க்கில் தொடங்கிய தனது முயற்சிக்கு 1840இல் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டார். தாளை மடித்தல், வெட்டுதல், கீலங்களாக்கிப் பின்னுதல் எல்லாம் அவருடைய பாடங்கள். பனையோலையில் பெட்டி இழைத்த எமது ஆச்சிமாருக்கு அந்தப் பின்னல் புதினமாக இருந்திராது. 1851இல் பிரஷ்ய அரசு, நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் பரப்புகின்றன என்று கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. மூன்று வயதுப் பிள்ளைகள் வர்ணத்தாள் மடிப்பது அரசுக்கு ஆபத்தாம்! அடுத்த வருடமே ஃபுறோபல் இறந்தார். தடை 1860இல்தான் நீங்கிற்று. இதற்கிடையில் 1848 புரட்சி தோற்று ஓடியவர்கள் அதைக் கடல்கடந்து கொண்டுபோனார்கள். 1851இல் லண்டனில் பேர்த்தா ரொங்கே. 1856இல் விஸ்கொன்சின் மாநிலத்து வாட்டர்டவுனில் அவருடைய தங்கை மார்கரேத்தா ஷூர்ஸ். இருவரின் கணவன்மாரும் அரசியல் அகதிகள்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நாம் ஹைம்களில் இருந்த காலத்தில் இந்தக் கதையெதுவும் எமக்குத் தெரியாது. 1993இல் வந்த சட்டத்தின்படி பல இடங்களில் காசுக்குப் பதிலாகப் பொதியும் கூப்பனும்தான். கிண்டர்கார்டனுக்குப் போன பிள்ளைகள் டிசம்பரில் மடித்த தாள் நட்சத்திரங்களோடு வந்தார்கள். ஒட்டுவதற்கு வேறிடம் இல்லாமல் தாய்மார் அவற்றைப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். சைவம், வேதம் என்று யாரும் வழக்காடவில்லை. அந்த வீடுகள் பலவற்றில் இன்று பெட்டியிலிருந்து எடுத்து விரிக்கும் பிளாஸ்டிக் மரம் நிற்கிறது. நாலுபேர் வந்துபோகிற வீடு என்கிறார்கள். பிள்ளை ஒட்டிய கோணல் நட்சத்திரம் அந்த நாலுபேருக்கு என்ன தீங்கு செய்தது என்று தெரியவில்லை.

ஊரில் அதே தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் துளிக்கணக்கு. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள். நத்தாருக்குச் சவுக்கங் கொப்பு நட்டு, மூங்கில் சிம்பில் ஐந்துமுனைக் கூடு கட்டி, கிடைத்த தாளைக் கஞ்சிப் பசையால் ஒட்டினார்கள். 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது; அந்த நத்தாருக்கு அநேகர் தென்மராட்சியில், பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் முன்பின் தெரியாதவர் வளவுகளிலும் இருந்தார்கள்.

அந்தக் கூட்டைக் கட்டியவர்களில் சிலர் இப்போது இங்கே பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். மூங்கில் கிடைப்பதில்லை, தோட்டச் சாமான் கடையில் பூச்செடிக்கு ஊன்றும் தடிகள் கிடைக்கின்றன. ஐந்துமுனைக் கூட்டுக்குப் பத்துத் தடிகள் வேண்டும். முன்னுக்கு ஐந்து, பின்னுக்கு ஐந்து; இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டிவிட்டு, நடுவைத் தள்ளிப்பிடிக்க ஐந்து சிறு குச்சிகள்.