176 என்ற எண்ணின் எடை

குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்கும்போதெல்லாம், 'நாட்டின் முதல் குடிமகனை மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தால் என்ன?' என்ற கேள்வி எழுவது வழக்கம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் கேள்விதான். ஆனால், தமிழ்நாட்டில் இருந்துகொண்டு அதற்கு விடை தேடுவோர் முதலில் ஓர் எண்ணை அறிந்திருக்க வேண்டும். அது 176.

குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் சட்டப்பேரவை உறுப்பினர் ஒவ்வொருவரின் வாக்கு மதிப்பு அது. 1971 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4,11,99,168. அதை 234 இடங்களால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் 176 வரும். உத்தர பிரதேச உறுப்பினருக்கு 208, கேரள உறுப்பினருக்கு 152, சிக்கிம் உறுப்பினருக்கு வெறும் 7. நான் வசிக்கும் சூலக்கரை அமைந்துள்ள விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையம் முதல் திருச்சுழி வரை ஏழு சட்டப்பேரவைத் தொகுதிகள். அந்த ஏழு உறுப்பினர்களின் வாக்கு மதிப்பு 1,232. சிக்கிம் பேரவையின் 32 உறுப்பினர்களுக்கும் சேர்த்து 224தான்.

இதை அமெரிக்க முறையோடு குழப்பிக் கொள்வோர் உண்டு. என் மாணவர்களும் அப்படித்தான். அங்கு எவ்வளவு சிறிய மாநிலமானாலும் மூன்று தேர்வாளர்களாவது உண்டு. 2000இலும் 2016இலும் நாடு முழுவதும் அதிக வாக்குகள் பெற்றவர்கள் அங்கு தோற்றார்கள். இந்தியாவில் சிறிய மாநிலங்களுக்கு அத்தகைய சலுகை ஏதும் இல்லை. பேரவை உறுப்பினர்களின் மொத்த மதிப்பை நாடாளுமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, இரு தரப்பும் ஏறத்தாழச் சமமாக இருக்குமாறு செய்திருக்கிறார்கள். 2022இல் பேரவைகளின் மதிப்பு 5,43,231. தலா 700 வாக்கு மதிப்புடன் 776 நாடாளுமன்ற உறுப்பினர்களின் மதிப்பு 5,43,200.

அரசியல் நிர்ணய சபையில் நேரடித் தேர்தலுக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் பொருளாதாரப் பேராசிரியர் கே.டி. ஷா. அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்க வேண்டிய ஒருவரை வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவருக்கு உண்மையான அதிகாரம் எதையும் அளிக்காமல் இருப்பது முரண்பாடு என்பது நேருவின் நிலைப்பாடு. அதுவே வென்றது. அதே ஷா 1952இல், தாம் ஏற்காத அந்த மறைமுக முறையிலேயே ராஜேந்திர பிரசாத்தை எதிர்த்துப் போட்டியிட்டு 92,827 வாக்கு மதிப்பு பெற்றுத் தோற்றார். என் துறையைச் சேர்ந்தவர்தான். என்றாலும், இந்த விவாதத்தில் நான் நேருவின் பக்கமே நிற்கிறேன்.

காரணம் 1969. அந்த ஆண்டு ஜூலையில் பெங்களூரில் காமராஜர் உள்ளிட்ட மூத்த தலைவர்கள், இந்திரா காந்தியின் விருப்பத்துக்கு மாறாக நீலம் சஞ்சீவ ரெட்டியைக் காங்கிரஸ் வேட்பாளராக்கினார்கள். இந்திரா மனசாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னார். தமிழக சட்டப்பேரவையில் பெரும்பான்மை பெற்றிருந்த தி.மு.க. வி.வி. கிரியை ஆதரித்தது. முதல் விருப்ப வாக்குகளில் எவருக்கும் தேவையான எண்ணிக்கை கிடைக்கவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகு 14,650 வித்தியாசத்தில் கிரி வென்றார். சில மாதங்களில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. அலங்காரப் பதவி என்று சொல்லப்பட்ட ஒன்றுக்கே இந்த நிலை. வென்றவர் கோடிக்கணக்கான மக்களின் நேரடி வாக்கையும் பெற்றவராக இருந்திருந்தால், பிரதமரோடு மோதுவதற்கு அவருக்கு வேறென்ன வேண்டும்? இலங்கையில் 1982 முதல் மக்களே அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கு ஆட்சி அதிகாரமும் அவரிடமே இருப்பதால் அதற்கொரு பொருள் உண்டு. ஆனாலும் 2019இல் வடக்கின் தமிழர்கள் பெருவாரியாக எதிர்த்து வாக்களித்த ஒருவர், முதல் சுற்றிலேயே 52 விழுக்காட்டுக்கு மேல் பெற்று அதிபரானார்.

இனி, நம் எண்ணுக்கு வருவோம். குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறிய மாநிலங்கள் அதற்காக இழப்பைச் சந்திக்கக் கூடாது என்பதற்காகவே, 1976இல் 42ஆவது திருத்தம் 1971 மக்கள்தொகையை உறையவைத்தது; 84ஆவது திருத்தம் அதை நீட்டித்தது. 1971 கணக்கின்படி தமிழ்நாட்டுப் பேரவையின் மொத்த மதிப்பு 41,184, பிகாரின் மதிப்பு 42,039, ஏறத்தாழச் சமம். 2011 கணக்கெடுப்பைக் கொண்டு அதே வகுத்தலைச் செய்து பார்த்தேன். தமிழக உறுப்பினரின் மதிப்பு 308 ஆகிறது, பிகார் உறுப்பினருடையது 428. மொத்தம் 72,072க்கு எதிராக 1,04,004. எல்லாப் பேரவைகளின் மதிப்பில் தமிழ்நாட்டின் பங்கு ஏழரை விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ ஆறாகக் குறைகிறது. நேரடித் தேர்தல் என்றால் 1971 கணக்குக்கே இடமில்லை.

பிகாரின் ஒரு குடிமகன் எடையில் குறைந்தவனா என்று அங்குள்ளவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மக்களவையைப் பொருத்தவரை அதற்கு எளிதான பதில் என்னிடம் இல்லை. ஆனால், குடியரசுத் தலைவர் ஆட்சி நடத்துபவர் அல்லர். மாநிலங்களின் ஒன்றியத்துக்குத் தலைவர். மாநிலப் பேரவைகளை வாக்காளர்களாக்கியதன் நோக்கமே அதுதான். அந்தப் பதவிக்கான தேர்தலில் பழைய சமநிலையைக் காப்பதால் எந்த மாநிலத்தின் நிதியும் குறைந்துவிடாது.

தொகுதி மறுவரையறை பற்றித் தமிழ்நாட்டில் நிறையவே பேசுகிறோம். வாக்கு மதிப்பு பற்றிப் பேச்சே இல்லை. மறுவரையறைக்கு ஓர் ஆணையம் அமைய வேண்டும், ஊர் ஊராகக் கருத்துக் கேட்க வேண்டும். வாக்கு மதிப்புக்கு இவை எதுவும் தேவையில்லை. 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியானதும், 55ஆவது பிரிவின் விளக்கத்திலுள்ள தடை தானாகவே விலகிவிடும். அதற்கடுத்த குடியரசுத் தலைவர் தேர்தலுக்குத் தேர்தல் ஆணையம் புதிய எண்களைப் போட்டு வகுத்தால் போதும். அந்தத் தடையை நீட்டிக்க வேண்டுமென்றாலோ, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும். பாதி மாநிலங்களின் பேரவைகளும் ஒப்புதல் தர வேண்டும். அந்தப் பாதியைத் திரட்டும் வேலையைத் தமிழகக் கட்சிகள் எதுவும் இன்னும் தொடங்கியதாகத் தெரியவில்லை.